ஸெம்

பரணைக் கூட்டி அள்ளிப்போன மூன்றாம் நாள்
கோச்சிஷ் தெர்கா ஊராட்சி அலுவலகத்துக்கு வந்தாள்,
சேறு காயாத பூட்ஸோடு.
"கோதுமையை எடுத்தீர்கள், சரி.
விதைக்கு வைத்ததையும் எடுத்தீர்கள், அதுவும் சரி.
கூட்டிய விளக்குமாறு என்னுடையது.
அதற்கு ரசீது எங்கே?"

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டு.
ஹங்கேரி, திஸா ஆற்றின் இக்கரை.
ஜன்னலோரத் தட்டச்சுக்காரி நான்.
ஒரு சாவி அடிக்கடி சிக்கிக்கொள்ளும் இயந்திரம்,
அது வேறு.
தலைவர் ஸலொன்டை மைப்பட்டையைப் பார்த்தபடியே
சொல்லச் சொல்ல அடித்தேன்:
இன்னாள், இன்ன தேதியில்,
அதிகாரியின் முன் நடந்துகொண்ட விதம்
ஸெம்தெலென்.

ஸெம் என்றால் கண்.
தெலென் என்றால் இல்லாதது.
புதிய வசவு ஒன்றும் இல்லை.
நாக்கை நீட்டும் பிள்ளையையும்
ரொட்டி வரிசையில் முந்துகிறவனையும்
அப்படித்தான் திட்டுவோம்.
தாழ்த்துவதற்குக் கண் இல்லாத ஜென்மம்.
வெட்கம் வந்து முதலில் உட்காருவது இமையில்தான் என்று
யாரோ என்றோ கண்டுபிடித்திருக்க வேண்டும்.
சொல் பிறந்த அன்று நான் அங்கே இல்லை;
ஊகம்தான்.

தெர்கா தலையசைத்தாள்.
"உண்மைதான் தலைவரே. அப்படியே இருக்கட்டும்.
செவ்வாய்க்கிழமையிலிருந்து நான் ஸெம்தெலென்தான்."

எனக்குத்தான் முதலில் உறைத்தது.
கண்ணில் இருப்பதும் மணி
கதிரில் இருப்பதும் மணி என்பதுபோல
எங்களுக்கு இரண்டுமே ஸெம்.
ஒரு மணி மிச்சமின்றி வழித்தெடுத்த வீட்டுக்காரி
தன்னை வேறு என்னவென்று சொல்லிக்கொள்வாள்?

ஸலொன்டைக்கு அரை நிமிடம் ஆயிற்று.
காதுமடல் சிவந்தது.
"அந்தச் சொல்லை அடித்துவிடு.
அர்த்சாத்லன் என்று போடு."
முகம் இல்லாதவள்.
அதுவும் போதாதென்றால் பொஃபாத்லன் இருக்கிறது,
கன்னம் இல்லாதவள்.
வெட்கங்கெட்டவனைப் பிடித்து
தலையிலிருந்து ஒவ்வோர் உறுப்பாகக்
கழற்றி வைத்திருக்கிறார்கள் எங்கள் முன்னோர்.

"முகமா?" என்றாள் தெர்கா.
"அது உங்கள் பட்டியலில் இல்லையே."

இரண்டாவது சொல்லையும் அடித்தேன்.
மூன்றாவதை அவர் சொல்லவில்லை.
தாள் உருளையில் அப்படியே நின்றது.

விளக்குமாறு கதவுக்குப் பின்னால் சாய்ந்திருந்தது.
அவளே போய் எடுத்தாள்.
எடுத்த கையோடு, பழக்கதோஷம்,
வாசற்படியில் இரண்டு தட்டுத் தட்டினாள்.
நான்கு கோதுமைமணி உதிர்ந்தது.
தலைவர், நான், முத்திரைக்குக் காத்திருந்த கொல்லன்,
எல்லோரும் ஒரே நேரத்தில்
கண்ணைத் தாழ்த்தினோம்.

குனிந்து பொறுக்கினாள்.
மூன்றை மைப்பட்டையின் பக்கத்தில் வைத்து
"பாக்கி" என்றாள்.
நான்காவதை வாயில் போட்டு
மென்றுகொண்டே போனாள்.

தெர்காவுக்கு மூன்று மாதம் கிடைத்தது.
சுத்தப்பிரதி அடித்தவள் வேறொருத்தி;
எந்தச் சொல்லைப் போட்டாள் என்று
நான் கேட்கவில்லை.
கேட்டிருக்கலாம்.

இப்போது ஸெகெட் நகரில்
கூண்டளவு கடை எனக்கு.
பின்னலில் ஒரு கண்ணி என்றாலும் ஸெம்தான் எங்களுக்கு.
நைலான் காலுறையில் ஒன்று அறுந்தால்
கணுக்கால்வரை ஓடும்.
கொக்கி ஊசியால் துரத்திப் பிடித்து
ஒவ்வொன்றாக மேலே ஏற்றுவேன்.
"ஸெம் எடுத்துத் தரப்படும்" என்று பலகை.

போன வாரம் விலையைக் கேட்டு
கம்பளிக் கோட்டுக்காரி ஒருத்தி கத்தினாள்:
"ஸெம்தெலென்!"
விளக்கொளியிலிருந்து தலையை நிமிர்த்தி
அவளைப் பார்த்தேன்.
அவசரமில்லாமல் பார்த்தேன்.
ஒரு கண்ணிக்கு இருபது ஃபில்லர் என்றேன்.
பதினொரு கண்ணி.